பெயர்ச்சீட்டில் பூக்கும் பொய்

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பார்கள். மணமே கடைக்கு வழி காட்டிவிடும் என்பது அதன் பொருள். ஆனால், ஆர்க்கிட் செடிகளின் சந்தையில் இந்தப் பழமொழி செல்லுபடியாவதில்லை. அங்கே பூவைவிடப் பெயர்ச்சீட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். ஒரே மேசையில் அருகருகே வைக்கப்பட்ட இரண்டு செடிகளில் ஒன்று சில நூறு ரூபாய்க்கும் மற்றொன்று பல ஆயிரம் ரூபாய்க்கும் விலை போகலாம். பூக்காத நிலையில் இரண்டின் இலையும் வேரும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடெல்லாம் தொட்டியில் செருகப்பட்ட சிறு பிளாஸ்டிக் துண்டில் எழுதியிருக்கும் இரண்டு சொற்களில்தான் இருக்கிறது.

அந்த இரண்டு சொற்களும் பொய்யாக இருந்தால்? நாற்றங்கால்களில் பெருமளவில் உற்பத்தியாகும் கலப்பினச் செடிகளை, காடுகளில் அருகிவரும் சிற்றினங்கள் என்று பெயரிட்டு விற்பது உலகெங்கும் நடக்கிறது. நம் நாட்டு மலர்க் கண்காட்சிகளும் இணைய வணிகத் தளங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கில் நேரும் சிறு ஏமாற்று என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால், பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் பார்க்கும்போது, சந்தை எப்படித் தோற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தென்படவில்லை. இந்தத் தோல்வியின் விலையை வாங்குபவர் மட்டும் கொடுப்பதில்லை. காடும் சேர்த்தே கொடுக்கிறது.

முதலில் சிற்றினம் எது, கலப்பினம் எது என்பதைப் பார்ப்போம். உலகில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் சிற்றினங்கள் உள்ளன. இந்தியாவில் 1,256 வகைகள் இருப்பதாக இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019-இல் வெளியிட்ட தொகுப்பு கூறுகிறது. இவை இயற்கை படைத்தவை. மனிதர் படைத்தவையோ இவற்றைவிடப் பன்மடங்கு அதிகம். இங்கிலாந்தில் வீட்ச் நாற்றங்காலில் பணியாற்றிய ஜான் டோமினி உருவாக்கிய முதல் செயற்கைக் கலப்பின ஆர்க்கிட் 1856-இல் பூத்தது. அன்று தொடங்கி இன்றுவரை பதிவு செய்யப்பட்ட கலப்பினங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. பெரும்பாலான தாவரங்களில் அரிதாக நிகழும் பேரினம் விட்டுப் பேரினம் கலப்பது, ஆர்க்கிட்களில் எளிதாகக் கைகூடுகிறது.

இதில் வியப்பு என்னவென்றால், இவ்வளவு கலப்புக்கும் முறையான பதிவேடு உண்டு என்பதுதான். சாண்டர் என்ற ஆங்கிலேய ஆர்க்கிட் வணிகக் குடும்பம் தொடங்கிய பட்டியலை 1961 முதல் பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் பராமரித்து வருகிறது. எந்தத் தாயுடன் எந்தத் தந்தை சேர்ந்தது, யார் பதிவு செய்தார், எந்த ஆண்டு என்ற விவரங்கள் அனைத்தும் அதில் உள்ளன. நம் குடும்பங்களில் நான்கு தலைமுறைக்கு மேல் முன்னோர் பெயர் சொல்ல முடியாதவர்கள் பலர். பதிவு பெற்ற ஓர் ஆர்க்கிட் கலப்பினத்துக்கோ நூற்றைம்பது ஆண்டு வம்சாவளியைச் சொல்லிவிடலாம். பதிவேடு ஒழுங்காகத்தான் இருக்கிறது. பதிவேட்டுக்கும் தொட்டிக்கும் இடையிலான கயிறுதான் அறுந்துவிடுகிறது.

எப்படி அறுகிறது என்பதற்கு நீல வாண்டா நல்ல எடுத்துக்காட்டு. வாண்டா என்ற பெயரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து பிறந்தது. வாண்டா செருலியா என்ற சிற்றினத்தை மேகாலயத்தின் காசி மலையில் 1837-இல் கண்டறிந்தவர் வில்லியம் கிரிஃபித். நீல நிறம் ஆர்க்கிட்களில் அரிது என்பதால் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் இதற்கு அலைந்தார்கள். 1850-இல் காசி மலைக்குச் சென்ற ஜோசப் ஹூக்கர், ஆள் சுமை ஆள் சுமையாக இந்தப் பூக்கள் சேகரிக்கப்பட்டதைத் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். இப்படியே போனதன் விளைவு, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் தாவரங்களுக்கென ஒரு பட்டியல் சேர்க்கப்பட்டபோது அதில் இடம்பெற்ற ஆறு இனங்களில் நீல வாண்டாவும் ஒன்றாயிற்று. சிவப்பு வாண்டாவும், காலணி வடிவப் பூக்கொண்ட பாஃபியோபெடிலம் இனங்களும் அதே பட்டியலில் இடம்பெற்றன. ஆறில் மூன்று ஆர்க்கிட்கள்.

இந்த நீல வாண்டாவைப் பிலிப்பைன்ஸின் மிண்டானோ தீவைச் சேர்ந்த வாண்டா சாண்டெரியானாவுடன் சேர்த்து உருவாக்கிய கலப்பினம் 1931-இல் பதிவாயிற்று. அதன் பெயர் வாண்டா ரோத்சைல்டியானா. தந்தைவழியில் நிறமும் தாய்வழியில் அகன்ற வட்ட வடிவமும் வாய்த்ததுபோல், பெற்றோர் இருவரின் சிறப்பும் அதில் கூடிவந்தன. அதிலிருந்தும் அதன் வழித்தோன்றல்களிலிருந்தும் எண்ணற்ற நீல வாண்டாக்கள் தாய்லாந்து நாற்றங்கால்களில் வளர்ந்து உலகெங்கும் செல்கின்றன. அவற்றையும் கடைக்காரர் 'புளூ வாண்டா' என்றே அழைக்கிறார். சட்டப் பட்டியலில் 'புளூ வாண்டா' என்பது காசி மலையின் சிற்றினம். கடையில் அதே சொல் நிறத்தைக் குறிக்கும் வணிகப் பெயர். இந்த ஒரு சொல்லின் இரட்டைப் பொருளில்தான் ஏமாற்று நுழைகிறது. 'புளூ வாண்டா' என்று வாங்கப்பட்ட செடி, அடுத்தவர் கைக்கு மாறும்போது 'வாண்டா செருலியா' ஆகிறது. அதற்கடுத்த கைக்கு 'அரிய, அழியும் நிலையிலுள்ள வாண்டா செருலியா' ஆகிறது. ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது.

உற்றுநோக்கினால் வேறுபாடு தெரியாமல் இல்லை. சிற்றினத்தின் பக்க இதழ்கள் அடியில் சற்றே முறுக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று இடைவெளி விட்டிருக்கும். கலப்பினத்தின் இதழ்கள் அகன்று, தட்டையாகி, ஒன்றின்மேல் ஒன்று படிந்து முழுவட்டம்போல் தோன்றும். சிற்றினம் குளிர்ந்த மலைக்காற்றை விரும்புவது; கலப்பினமோ சமவெளி வெப்பத்தையும் தாங்கும். சென்னை வெயிலில் செழித்து, தட்டு அகலத்துக்கு வட்டமாகப் பூக்கும் நீல வாண்டா ஒன்றைக் காசி மலை அசல் என்று யாராவது சொன்னால், கேட்பவர் ஒருமுறை யோசிப்பது நல்லது.

பெயர் மாறுவதெல்லாம் திட்டமிட்ட மோசடி என்று சொல்லிவிட முடியாது. தொட்டி மாற்றும்போது சீட்டு தொலைகிறது. நினைவிலிருந்து வேறு சீட்டு எழுதப்படுகிறது. திறந்த தோட்டத்தில் பூச்சி கலந்துவிட்ட விதைக்குத் தாயின் பெயரே வைக்கப்படுகிறது. அறிவியல் நிறுவனங்களே இதில் தடுமாறுகின்றன. உலகின் தாவர அருங்காட்சியகங்களில் உள்ள வெப்பமண்டலத் தாவர மாதிரிகளில் பாதிக்கும் மேற்பட்டவை தவறான பெயரைத் தாங்கியிருக்கக்கூடும் என்று ஆக்ஸ்ஃபோர்டு, எடின்பரோ ஆய்வாளர்கள் 2015-இல் மதிப்பிட்டார்கள். ஆனால், கவனக்குறைவுக்கு ஓர் இலக்கணம் உண்டு. அது இரு திசையிலும் தவற வேண்டும். மலிவான பெயர் விலையுயர்ந்த பெயராக மாறும் திசையில் மட்டுமே தவறுகள் நேர்ந்தால், அதைக் கவனக்குறைவு என்று சொல்ல மனம் ஒப்புவதில்லை.

வணிகர்கள் பொய்த்தகவலைக் கருவியாக்கியது புதிதும் அல்ல. போர்னியோவின் கினபாலு மலையில் மட்டுமே வளரும் ரோத்சைல்டியானம் என்ற காலணி ஆர்க்கிட், 1887-88 வாக்கில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தபோது அதன் தாயகம் நியூ கினி என்று சொல்லப்பட்டது. போட்டியாளர்கள் உண்மையான இடத்தை அறிந்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

இங்கேதான் பொருளியல் உதவிக்கு வருகிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப், பழைய கார்களின் சந்தையைப் பற்றி 1970-இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ள அதுவே காரணமாயிற்று. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது என்ன நேரும் என்பதே அவரது கேள்வி. அதை ஆர்க்கிட்டுக்குப் பொருத்தி ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அசல் சிற்றினச் செடிக்கு ரூ.3,000 கொடுக்க வாங்குபவர் தயார், கலப்பினத்துக்கு ரூ.300 மட்டுமே கொடுப்பார். சந்தையில் பாதி அசல், பாதி போலி என்று அவர் கேள்விப்படுகிறார். எது எது என்று பிரித்தறிய வழியில்லை. எனவே, சராசரியாக ரூ.1,650-க்கு மேல் கொடுக்க மாட்டார். அசல் செடியை விதையிலிருந்து வளர்த்து எடுக்க நேர்மையான நாற்றங்காலுக்கு ஆகும் செலவு ரூ.2,000 என்றால், அவருக்கு நட்டம். அவர் கடையை மூடுகிறார். எஞ்சியிருப்பவை போலிகள் மட்டுமே. அதுவும் வெளியே தெரிந்தபின் விலை ரூ.300-க்கு இறங்குகிறது. கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டுவதுபோல், பொய்ச்சீட்டு மெய்ச்சீட்டை விரட்டிவிடுகிறது.

பழைய காரை வாங்கியவர் ஒரு மாதத்தில் உண்மையை அறிந்துவிடுவார். ஆர்க்கிட் வாங்கியவருக்கு அந்த வாய்ப்பும் குறைவு. விதையிலிருந்து பூவுக்குப் பல ஆண்டுகள் ஆகும். பூத்த பிறகும், கலப்பினத்தை மீண்டும் மீண்டும் சிற்றினத்துடனேயே சேர்த்து உருவாக்கிய செடியை வல்லுநரும் எளிதில் இனங்காண முடியாது. வாங்கிய பிறகும் தரத்தை அறிய இயலாத இத்தகைய பண்டங்களை 'நம்பிக்கைப் பண்டங்கள்' என்று பொருளியலாளர்கள் வகைப்படுத்துவார்கள். மரபணுச் சோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். பரவலாகப் பயன்படும் பசுங்கணிக மரபணுச் சோதனை, பொதுவாகத் தாய்வழிச் செய்தியை மட்டுமே தரும். தந்தை யார் என்பதை அது சொல்லாது. உட்கரு மரபணுவை ஆராய வேண்டும். அது சில ஆயிரம் ரூபாய்ச் செடிக்குக் கட்டுப்படியாகும் செலவல்ல.

ஏமாந்தவர் பணத்தை இழந்தார், போகட்டும் என்று இருந்துவிட முடியாததற்குக் காரணம் வேறு. நாற்றங்காலில் நம்பிக்கை இழந்த, வசதியுள்ள ஆர்வலர் என்ன செய்வார்? ஐயத்துக்கு இடமில்லாத அசலைத் தேடுவார். வேரில் மரப்பட்டையும் பாசியும் ஒட்டியிருக்கும் செடி, காட்டிலிருந்து பிடுங்கப்பட்டது என்பதைத் தானே சொல்லிவிடும். திருட்டின் தடயமே தரச்சான்றாகிவிடும் விபரீதம் இது. நாற்றங்காலில் போலி பெருகப் பெருக, காட்டுச் செடிக்கு மவுசு கூடும். போலிப் பெயர்ச்சீட்டு காட்டைத் தொடாமலே காட்டை அழிக்கும் வழி இதுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களில், எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட இனங்கள் ஆர்க்கிட்களே. எல்லா ஆர்க்கிட்களும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. பாஃபியோபெடிலம் முழுவதும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது. சில பேரினங்களின் செயற்கைக் கலப்பினங்களுக்கு மட்டும் நிபந்தனைகளுடன் தளர்வு உண்டு. எனவே, எல்லையைக் கடக்கும்போது காட்டுச் சிற்றினம் 'கலப்பினம்' என்று பெயர் மாற்றிக்கொள்ள ஆசைப்படும். கடையில் கலப்பினம் 'காட்டுச் சிற்றினம்' என்று மாற்றிக்கொள்ளும். சுங்கச் சாவடியில் ஒரு பொய், விற்பனை மேசையில் அதற்கு நேரெதிர்ப் பொய். பூக்காத செடியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அதிகாரியால் என்ன செய்ய முடியும்?

நமக்கு மிக நெருக்கமான ஓர் இழப்பையும் சொல்ல வேண்டும். தமிழகமும் கேரளமும் பகிர்ந்துகொள்ளும் அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வளர்வது பாஃபியோபெடிலம் துரூரி. மஞ்சள் இதழ்களின் நடுவே பழுப்புக் கோடு ஓடும் இந்தக் காலணி ஆர்க்கிட், தென்னிந்தியாவுக்கு உரிய ஒரே பாஃபியோபெடிலம். 1865-இல் திருவிதாங்கூர் மலையில் கண்டறியப்பட்ட இதற்கு, துரூரி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியின் பெயர் சூட்டப்பட்டது. சேகரிப்பாளர்களின் பேராசையும் காட்டுத்தீயும் சேர்ந்து இதை அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டன.

ஓர் இனம் காட்டில் அருகும்போது, தோட்டங்களில் உள்ள செடிகளே நாம் பின்னாளுக்கென்று போட்டுவைத்த வைப்புத்தொகை. அந்தத் தோட்டச் செடிகளின் பெயர்ச்சீட்டு பொய்யாக இருந்தால்? வங்கிப் பெட்டகத்தில் வைத்திருப்பது தங்கம் என்று நிம்மதியாக இருந்துவிட்டு, மகள் திருமணத்தன்று திறந்து பார்க்கும்போது கவரிங் என்று தெரியவந்த கதையாகிவிடும். இன்னும் மோசமான ஒன்றும் நடக்கலாம். கலப்பினம் என்று அறியாமல் அதைக் கொண்டுபோய் மலையில் நட்டுவிட்டால், எஞ்சியிருக்கும் அசலோடும் அது கலந்துவிடும். பிறகு அசல் என்று எதைக் காட்டுவது?

கலப்பினங்கள் மீது எனக்குப் பகையில்லை. அழகிலும் உழைப்பிலும் அவை யாருக்கும் குறைந்தவை அல்ல. மலிவாகவும் நிறைவாகவும் கிடைக்கும் கலப்பினங்கள், காட்டுச் செடிகளின் மீதான அழுத்தத்தைக் குறைக்கவே செய்யும். மகனை மகன் என்றே அறிமுகப்படுத்தலாம். தாத்தாவின் பெயரைச் சொல்லி விற்க வேண்டியதில்லை. கலப்பு குற்றமல்ல, பொய்யே குற்றம்.

வாங்குபவர் தற்காத்துக்கொள்ள எளிய வழிகள் உள்ளன. தாவரவியல் முறைப்படி, சிற்றினப் பெயரின் இரண்டாம் சொல் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தொடங்கும். பதிவு பெற்ற கலப்பினப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். 'புளூ', 'ரேர்', 'வைல்டு' போன்றவை பெயர்களே அல்ல. வெண்ணிற ஃபலனாப்சிஸ் செடியின் தண்டில் சாயம் ஏற்றி நீலப் பூவாக விற்பதும் உண்டு; அடுத்த முறை அது வெள்ளையாகவே பூக்கும். இணையத்தில் 'குரங்கு முக ஆர்க்கிட் விதை' என்று பொட்டலம் விற்பவர்களை நம்பவே வேண்டாம். ஆர்க்கிட் விதை தூசுபோல் நுண்ணியது. தனக்கென உணவுச் சேமிப்பு இல்லாதது. இயற்கையில் குறிப்பிட்ட பூஞ்சையின் துணையின்றி முளைக்காது. லூயிஸ் நட்சன் 1922-இல் வகுத்துக் காட்டிய வழியில், ஆய்வகக் குடுவையில் சர்க்கரைக் கரைசல் ஊட்டித்தான் முளைக்க வைக்கிறார்கள். தொட்டி மண்ணில் தூவி முளைக்கவைக்கும் விதை எதுவாயினும் அது ஆர்க்கிட் அல்ல.

பாதுகாக்கப்பட்ட இனம் என்று சொல்லி விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. பட்டியலிடப்பட்ட இனங்களை வளர்க்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்கிறது சட்டம். சீட்டு உண்மையென்றால் உரிமம் எங்கே? சீட்டு பொய்யென்றால் இந்த விலை எதற்கு?

தனிமனிதர் விழிப்புணர்வால் மட்டும் சந்தை திருந்தாது. பொருளின் தரத்தைத் தவறாகச் சித்திரிப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. இணைய வணிகத்துக்கென 2020-இல் தனி விதிகளும் வந்துள்ளன. சட்டம் இருக்கிறது, அதைச் செடிக்கும் பொருத்திப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. ஒவ்வொரு ஆர்க்கிட் தொட்டியிலும் நான்கு செய்திகள் கட்டாயம் இடம்பெறச் செய்யலாம்: முழுப் பெயர், கலப்பினமானால் பெற்றோர் பெயர், விதையா திசு வளர்ப்பா என்ற விவரம், வளர்த்த நாற்றங்காலின் பெயர். தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரையை 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்க முடிந்த நாட்டில் இது இயலாத காரியமல்ல.

அதைவிடப் பயன்தரும் மருந்து, அசலை மலிவாக்குவது. இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. கிழக்கு இமயமலையைச் சேர்ந்த பாஃபியோபெடிலம் ஃபேரியானம் 1857-இல் இங்கிலாந்தில் பூத்தது. பிறகு தோட்டங்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. 'தொலைந்த ஆர்க்கிட்' என்று அழைக்கப்பட்ட அதைத் தேடித் தருபவருக்கு 1,000 பவுண்டு பரிசு என்று சாண்டர் அறிவித்தார். 1905 வாக்கில் பூட்டான் பகுதியில் அது மீண்டும் கண்டறியப்பட்டுக் கப்பல் கப்பலாக வந்திறங்கியதும் விலை சரிந்தது. அன்று அந்த வரத்துக்குக் காடு பலியாயிற்று. இன்று அதே வேலையைக் காட்டைத் தொடாமல் ஆய்வகக் குடுவையால் செய்ய முடியும். ஒரே காயில் லட்சக்கணக்கான விதைகள் இருக்கும்போது பற்றாக்குறைக்கு நியாயமே இல்லை.

சிக்கிமின் பாக்யாங்கில் 1996 முதல் தேசிய ஆர்க்கிட் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. கேரளத்தின் பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. நம் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் உள்ளது. தோற்றம் ஐயமின்றி அறியப்பட்ட தாய்ச்செடிகளிலிருந்து கன்றுகளை உருவாக்கி, அரசு முத்திரையுடன் நியாய விலைக்கு இத்தகைய நிறுவனங்கள் விற்க முன்வர வேண்டும். ரூ.300-க்குச் சான்றளிக்கப்பட்ட அசல் கிடைத்தால், ரூ.3,000-க்குப் போலி விற்க யாருக்கும் வழியிருக்காது. காட்டில் மரமேறிப் பிடுங்கவும் யாருக்கும் ஆதாயமிருக்காது. வழக்கும் தண்டனையும் செய்ய முடியாததை விலை செய்து முடிக்கும்.

ஓர் உயிரினம் அழிவது இரண்டு முறை நிகழ்கிறது. முதலில் காட்டில் அதன் வேர் அறுகிறது. அடுத்து நம் பதிவுகளில் அதன் பெயர் கெடுகிறது. வேர் அறுந்தாலும் பெயர் சரியாக இருந்தால், எங்கோ ஒரு தோட்டத்திலிருந்து அதை மீட்டுவிடலாம். பெயரும் கெட்டுவிட்டால், மீட்க வேண்டியது எது என்பதே தெரியாமல் போய்விடும். தொட்டியில் செருகியிருக்கும் அந்தச் சிறு சீட்டை அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது.